ராஜாஜியும் நம்முடைய மலபாரும்

(ராஜாஜியின் பிறந்தநாளையொட்டி முதலமடையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மும்பை, சென்னை, டில்லி, பெங்களூரு, கோயமுத்தூர் என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். வரும் வழியில் பார்த்திருப்பீர்கள், மாந்தோப்புகள் பூக்கத் தொடங்கிவிட்டன. நாட்டிலேயே முதன்முதலில் சந்தைக்குப் போகும் மாம்பழங்களில் முதலமடைப் பழமும் ஒன்று என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது இத்தனை தோப்பு கிடையாது. ஸ்டேஷனும் அந்த ஆலமரங்களும் மாத்திரம் அன்றைக்கும் இருந்தன. நம் குடும்பங்களில் பாதிப் பேர் பெட்டி படுக்கையோடு வெளியூர் போனது இந்தப் பாலக்காடு–பொள்ளாச்சி வண்டியில்தான்.

எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் ராஜாஜி. "ராஜாஜிக்கும் முதலமடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசலிலேயே ஒரு மாமா கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். இப்போது நாம் உட்கார்ந்திருப்பது சித்தூர் தாலுகா. பழைய சித்தூர் கொச்சி மகாராஜாவுடையது. ஆனால் கொல்லங்கோடும் முதலமடையும் அப்போது அதில் சேர்ந்தவை அல்ல. இவை மலபார் ஜில்லா, பாலக்காடு தாலுகா, மதராஸ் மாகாணம். 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறக்கும் வரைக்கும் நம்மை ஆண்டது கோட்டையிலிருந்த மதராஸ் சர்க்கார். ஆகவே 1937 முதல் 1939 வரை பிரதம மந்திரியாகவும், 1952 முதல் 1954 வரை முதல் மந்திரியாகவும் ராஜாஜி நமக்கே ராஜாஜியாக இருந்தார். சேலத்துக்காரர்களுக்கு இருக்கும் பாத்தியதை நமக்கும் உண்டு.

நம் சங்கக் கூட்டங்களில் ராஜாஜியைப் பற்றிப் பேசினால் சில விஷயங்கள் தவறாமல் வரும். சக்கரவர்த்தித் திருமகன், அதற்கு 1958-ல் கிடைத்த சாகித்திய அகாடமி பரிசு, எம்.எஸ். அம்மா பாடிய 'குறை ஒன்றும் இல்லை', கவர்னர் ஜெனரல் மாளிகையிலும் அவர் எளிமையாக இருந்த கதை, காந்திஜியின் சம்பந்தி என்பது. எல்லாம் உண்மை, எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை நான் தொடப்போவதில்லை. மலபாரில் அவர் என்ன செய்தார், அது நம் வீடுகளில் எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் சங்கடமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆத்து ரேழியில் ஒரு ராஜாஜி படம் இருந்தது. ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த படத்தைத் தாத்தா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்தபோதிலிருந்து தாத்தாவுக்கு அவர்மேல் பக்தி. "நம்மவா, மூளை இருக்கு, பேராசை கிடையாது" என்பார். 1938 கடைசியில் ஒருநாள் அந்தப் படத்தைக் கழற்றிப் பத்தாயத்துக்குப் பின்னால் செருகிவிட்டாராம். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் கழற்றினார் என்ற கதையைச் சொல்ல வேண்டுமானால் வைக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1878 டிசம்பர் 10-ல் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் பெரிய வக்கீல், 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர், பிறகு தொழிலை உதறிவிட்டுச் சிறை. இந்த வரலாறு போதும். 1925-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஓர் ஆசிரமம் போட்டு, ஹரிஜனக் குடும்பங்களோடு சேர்ந்து குடியிருந்தார். அதே வருஷம் மார்ச் மாதம் காந்திஜியோடு வைக்கம் போனார். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவர் முதலானவர்கள் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது, அதை எதிர்த்து சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. தடைக்கு ஆதரவாக இருந்த நம்பூதிரி பிரபுவின் இல்லத்துக்கே காந்திஜி போய்ப் பேசினார், ராஜாஜி கூட இருந்தார். அங்கே காந்திஜி வைத்த யோசனைகளில் ஒன்று, சவர்ண இந்துக்களிடம் ஓட்டு எடுத்துப் பார்ப்போம் என்பது. அவர்கள் ஒப்பவில்லை. ஆனால் அந்த யோசனை ராஜாஜியின் மனசில் தங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

வைக்கம் எங்கேயோ திருவாங்கூரில் இருக்கிறது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1924-ல் நம் கல்பாத்தி கிராமத்துத் தெருவில் ஈழவர்கள் நடந்ததற்கு என்ன கலாட்டா நடந்தது என்பது சரித்திரத்தில் இருக்கிறது. பொதுத் தெரு எல்லோருக்கும் பொது என்று சர்க்கார் சொன்ன பிறகும் தேர் சமயத்தில் தடுத்தோம். 'தடுத்தார்கள்' என்று சொன்னால் சௌகரியமாக இருக்கும், ஆனால் நம் கொள்ளுத்தாத்தாக்கள்தானே அவர்கள். அதே கல்பாத்தியில் பிறந்த டி.ஆர். கிருஷ்ணசாமி ஐயர் 1923-ல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் தொடங்கி, எல்லா ஜாதிக் குழந்தைகளையும் ஒன்றாக வைத்து வளர்த்தார். காந்திஜி அங்கே வந்திருக்கிறார். நம் சங்க மலர்களில் பாலக்காட்டு வித்வான்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றி ஒன்று வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. யாராவது எழுத வேண்டும்.

இனி குருவாயூர். 1931 நவம்பர் 1-ல் கோயில் நுழைவு சத்தியாக்கிரகம் ஆரம்பம். 1932 செப்டம்பரில் கே. கேளப்பன் சாகும் வரை உண்ணாவிரதம் இருந்தார். காந்திஜி தந்தி கொடுத்து நிறுத்தினார். கோயில் தர்மகர்த்தாவான சாமூதிரி, வழக்கத்தை மாற்ற எனக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்றார். ஜனங்களுக்கும் இஷ்டம் இல்லை என்று பேச்சு அடிபட்டது. சரி, ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்று குருவாயூர் இருக்கும் பொன்னானி தாலுகா முழுதும் வீடு வீடாக ஓட்டு எடுப்பது என்று முடிவாயிற்று. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. டிசம்பர் மாதம், தொண்டர்கள் பலர், பெண்களும் உண்டு. கோயிலுக்குள் போகும் உரிமை உள்ளவர்களிடம் மட்டுமே கேட்டார்கள். சுமார் 27,000 பேரைப் பார்த்தார்கள். 56 சதவிகிதம் பேர் நுழைவுக்கு ஆதரவு, 9 சதவிகிதம் எதிர்ப்பு, 8 சதவிகிதம் நடுநிலை, 27 சதவிகிதம் பேர் ஓட்டுப் போடவில்லை.

அந்த 27 சதவிகிதத்தில் என் பாட்டி உண்டு.

பாட்டிக்குப் பிறந்தகம் பொன்னானி தாலுகா. அப்போது அவளுக்கு இருபது வயது, பிரசவத்துக்குப் போயிருந்தாள். இரண்டு பெண்கள், கதர்ப் புடவை, கையில் காகிதம். திண்ணைக்கு வந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். ஆத்துக்காரர் பேரைச் சொல்லாமல், அப்பா பேரைச் சொல்லாமல், அவள் பேர். "குருவாயூரப்பன் கோயிலுக்குள் எல்லோரும் வரலாமா, உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. "ஆத்துல கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டாள். அறுபதுகளில் அவள் இதை எனக்குச் சொன்னபோதுகூட, "என்னை ஆராவது என்னமாவது கேட்டது அதான் முதல் தடவை, எனக்குப் பதில் சொல்லத் தெரியல்லே" என்றாள். என்ன பதில் சொல்ல நினைத்தாய் என்று கேட்டேன். காபி ஆறுகிறது என்று எழுந்துவிட்டாள்.

ராஜாஜியைப் பழமைவாதி என்கிறார்கள். அவர் பழமைவாதிதான், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் என்ன மாதிரிப் பழமைவாதி என்று பார்க்க வேண்டும். பழசு அப்படியே இருக்கட்டும் என்கிறவர் அல்ல. மாற்றலாம், ஆனால் வீட்டுக்காரனைக் கேட்டு மாற்றலாம், சட்டம் ஓர் அடி பின்னால் வரட்டும் என்கிறவர். தன் வீட்டு விஷயத்திலும் அப்படித்தான் செய்தார். மகள் லக்ஷ்மியும் காந்திஜியின் மகன் தேவதாஸும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியபோது, ஐந்து வருஷம் பிரிந்திருங்கள், அப்போதும் இதே மனசு இருந்தால் பார்ப்போம் என்று இரண்டு அப்பாக்களும் சொன்னார்கள். இருந்தது. 1933-ல் கல்யாணம் நடந்தது. அய்யங்கார் வீட்டுப் பெண், குஜராத்தி வைசியப் பையன். இன்றைக்கு நம் வீடுகளில் ஐந்து மாதம் பொறுக்கச் சொன்னாலே குழந்தைகள் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.

ஓட்டு ஜெயித்தும் கோயில் திறக்கவில்லை. சாமூதிரிக்குச் சட்டம் வேண்டும். டாக்டர் சுப்பராயன் மதராஸ் சட்டசபையில் கொண்டுவர இருந்த மசோதாவுக்கு வைஸ்ராய் அனுமதி மறுத்தார். டில்லியில் சி.எஸ். ரங்க ஐயர் கொண்டுவந்ததும் கரை சேரவில்லை. 1937 ஜூலையில் ராஜாஜியே பிரதம மந்திரி ஆனார். இனி என்ன தடை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1938-ல் எம்.சி. ராஜா, தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர், மாகாணம் முழுமைக்கும் ஒரு கோயில் நுழைவு மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. இப்போது வேண்டாம், முதலில் மலபாருக்கு மட்டும் நானே கொண்டுவருகிறேன் என்றார். ராஜா கேட்கவில்லை. மசோதா தோற்றது. ஒரு தாழ்த்தப்பட்ட தலைவர் கொண்டுவந்ததை, புதுப்பாளையத்தில் ஹரிஜனங்களோடு வாழ்ந்தவர் தோற்கடித்தார். அந்த வருஷக் கடைசியில் சொன்னபடியே மலபார் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். கோயிலுக்குப் போகும் உரிமையுள்ள வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் சாரம். பொன்னானியில் செய்ததையே சட்டமாக எழுதிவிட்டார்.

தாத்தா படத்தைக் கழற்றியது இந்தச் சமயத்தில்தான். "மாகாணத்துல எத்தனை ஜில்லா இருக்கு, நம்ம மலபார்தானா அகப்பட்டுது?" என்று கேட்டாராம். எம்.சி. ராஜாவுக்கு அந்தச் சட்டம் போதவில்லை, தாத்தாவுக்கு அது தாங்கவில்லை. நடுவில் நின்றவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வசவு.

1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட அன்பர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே ஓட்டும் இல்லை, சம்மதப் பத்திரமும் இல்லை. போனவர்கள்மேல் வழக்கு வரும் என்று தெரிந்ததும் ராஜாஜி அவசரச் சட்டம் போட்டுப் பாதுகாப்புக் கொடுத்தார், பிறகு அதைச் சட்டமாகவும் ஆக்கினார். தன்னுடைய படிப்படியான முறையை அந்த ஒரு நாளில் ஓரமாக வைத்தார் என்று சொல்ல வேண்டும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செயல் அது.

அந்த முதல் மந்திரிசபை மற்றபடிக்கும் சும்மா இருக்கவில்லை. 1937 அக்டோபர் 1-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு, 1938-ல் விவசாயக் கடன் நிவாரணச் சட்டம், போன வருமானத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி. இன்று நாடு முழுக்க நாம் கட்டும் வரிக்கு மூதாதை அதுதான். மலபார் குடியான்மைச் சட்டத்தைத் திருத்துவதற்கு ஒரு கமிட்டியும் போட்டார்கள். குட்டிகிருஷ்ண மேனன் தலைமை. அங்கத்தினர்களில் ஒருவரான இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தனியாக மாறுபட்ட குறிப்பு எழுதினார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அவர் கேட்காமல் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று 1938-ல் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக வைத்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் சிறை சென்றார்கள். நடராஜன், தாளமுத்து இருவரும் காவலில் இருந்தபோது நோயுற்று 1939-ல் இறந்தார்கள். வெள்ளைக்காரன் எழுதி வைத்த அடக்குமுறைச் சட்டத்தையே அவர்கள்மேல் உபயோகித்தார். மந்திரிசபை போன பிறகு 1940 பிப்ரவரியில் கவர்னர் ஆட்சி அந்தக் கட்டாயத்தை எடுத்தது. 1965-ல் அதே ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். மனசு மாறலாம், தப்பில்லை. ஆனால் 1938-ல் பொன்னானி மாதிரி ஒரு தாலுகாவிலாவது தகப்பனார்களைக் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்னொன்று 1953. அதற்கு முன் தாத்தாவின் படத்துக்கு வருகிறேன்.

1952 தேர்தலில் மதராஸ் ராஜ்யத்தில் காங்கிரஸுக்கு 375-க்கு 152 இடம்தான் கிடைத்தது. மலபாரில் படுதோல்வி. கம்யூனிஸ்டுகள் ஆட்சி அமைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ராஜாஜியை வரவழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமனம் செய்தார். ஜனங்களிடம் ஓட்டுக் கேட்காமல் முதல் மந்திரி. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, மனசில் இடம் உண்டா என்பது வேறு. சட்டசபையில் கம்யூனிஸ்டுகளைப் பார்த்து, நானே உங்களுக்கு முதல் விரோதி என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜூன் மாதம் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். வியாபாரிகள் பதுக்குவார்கள், பஞ்சம் வரும் என்று பலர் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. சர்க்காருக்கு லெவி நெல் அளந்து கொடுத்துக் களைத்துப் போயிருந்த எங்கள் தாத்தா, மறுநாளே பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து மாட்டினாராம். இது எனக்கே மங்கலாக ஞாபகம் இருக்கிறது. பாட்டி திண்ணையிலிருந்து சொன்னாள்: "சாமி விஷயத்துல கோவிச்சுண்டேள், நெல்லு விஷயத்துல சரியாப் போச்சாக்கும்." தாத்தா பதில் சொல்லவில்லை.

நாம் ராஜாஜியை எதற்காகக் கொண்டாடினோம், எதற்காகக் கோபித்தோம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு எனக்குத் தெரியாது.

இப்போது 1953. கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. ஒரே வாத்தியார், ஒரே கட்டடம், காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். பணம் இல்லாத சர்க்கார் இரண்டு மடங்கு குழந்தைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பா அம்மா செய்யும் தொழிலையோ, ஊர்த் தொழிலாளர்களின் வேலையையோ பழகலாம். இதற்குக் குலக்கல்வி என்று பேர் வந்தது. அந்தப் பேரைச் சொன்னாலே நம் சபைகளில் கோபம் வரும். "அவர் அப்படி நினைக்கவே இல்லை, அரசியல்வாதிகள் திரித்துவிட்டார்கள்" என்போம். நானும் வாத்தியாராக இருந்தவன், பல வருஷம் அப்படித்தான் வாதாடினேன்.

இப்போது அவ்வளவு சுலபமாக வாதாட வரவில்லை. அவர் மனசில் ஜாதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம், நான் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்தத் திட்டத்தைக் கேட்ட சலவைத் தொழிலாளியின் காதில் என்ன விழுந்திருக்கும்? என் பையன் பாதி நாள் என்னோடு துறைக்கு வர வேண்டும் என்று. நம் வீட்டுப் பையன்கள் யாரும் அந்தப் பாதி நாளுக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. நாமோ அதற்கு இரண்டு தலைமுறை முன்னாலேயே அப்பா தொழிலை விட்டுவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ரயிலேறியவர்கள்.  அப்பா தொழிலிலிருந்து தப்பிப்பதுதான் படிப்பு என்று நமக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

கட்சியையோ சட்டசபையையோ கலந்து பேசாமல் திட்டத்தை அமலாக்கினார். அந்த ஜூலையில் சட்டசபையில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. நிபுணர் கமிட்டி போட்டார்கள். 1954 ஏப்ரல் 13-ல் காமராஜ் முதல் மந்திரி ஆனார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. உடல்நிலை என்று ராஜாஜி காரணம் சொல்லி விலகினார். சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயில் கதவைத் திறக்க 27,000 பேரிடம் போய்க் கேட்டவர், பள்ளிக்கூட மணியை மாற்ற ஒருவரையும் கேட்கவில்லை.

பொன்னானியிலும் ஒரு குறை இருக்கிறது, நான் அதை வெகுகாலம் கவனிக்கவே இல்லை. யாரிடம் கேட்டார்கள்? ஏற்கெனவே உள்ளே போகிறவர்களிடம். வெளியே நிற்கிறவனிடம், "உனக்கு உள்ளே வர வேண்டுமா, எப்போது வர வேண்டும்?" என்று கேட்கவில்லை. என் பாட்டியின் மௌனத்தைக்கூட எண்ணிச் சேர்த்தார்கள். வேலிக்கு அப்பால் நின்ற எங்கள் வயல் வேலைக்காரரின் வாய் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். இதே முதலமடைப் பஞ்சாயத்தில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், தமிழ் பேசும் அருந்ததியர் குடும்பங்கள் தங்களுக்குத் தனிக் குழாய், டீக்கடையில் வேற்றுமை என்று புகார் சொன்னது 2017-ல் கேரளம் முழுக்கச் செய்தியானது. நாம் இருக்கும் இந்த இடத்திலிருந்து அது தூரமில்லை.

மிச்சக் கதையை வேகமாகச் சொல்கிறேன், சாப்பாடு தயாராகிவிட்டது என்று சைகை வருகிறது.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை என்று தீர்மானம் போட்டது. அந்த ஜூனில் எண்பது வயதில் ராஜாஜி புதுக் கட்சி அறிவித்தார், சுதந்திரா. ரங்கா தலைவர், மசானி பொதுச்செயலாளர். லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அவர் வைத்த பேரை, முப்பது வருஷம் கழித்து 1991-ல் அதே காங்கிரஸ் சர்க்கார் கலைக்கத் தொடங்கியபோது பலர் நினைத்துக்கொண்டார்கள். 1962-ல் லோக்சபாவில் 18 இடம், 1967-ல் 44 இடம், மிகப் பெரிய எதிர்க்கட்சி. தமிழ்நாட்டில் தி.மு.க.வோடு கூட்டு வைத்துக் காங்கிரஸை வீழ்த்தினார். பூணூல் போட்டவர்கள் தி.மு.க.வுக்கு ஓட்டுப் போடுவதா என்று மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் நடந்த சண்டைகள் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேரளத்தில் அந்தக் கட்சி வேரூன்றவில்லை.

ஆனால் நம் விஷயம் அதில் ஒன்று உண்டு. கேரளத்தின் நிலச் சட்டம் ஒன்றை 1961-ல் சுப்ரீம் கோர்ட் ரயத்வாரி நிலங்கள் விஷயத்தில் செல்லாது என்றது. அதைச் சமாளிக்க 1964-ல் அரசியல் சட்டத்தில் 17-வது திருத்தம் வந்தது. அதை ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். ஈடு கொடுக்காமல் சின்ன விவசாயியின் நிலத்தைக்கூட எடுத்துவிடுவார்கள் என்றார். எங்கள் தாத்தா அந்தச் சமயத்தில் சுயராஜ்யா பத்திரிகையைத் தபாலில் வரவழைத்துப் படித்தார், ஆங்கிலம் அரைகுறையாகத்தான் தெரியும். 1970 ஜனவரி 1-ல் கேரள நிலச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. குடியானவன் பயிரிட்ட நிலம் அவனுக்கே. காணத்துக்கு எடுத்து மேல்பாட்டத்துக்கு விட்டிருந்த எங்கள் நிலம் போயிற்று. உங்களில் பலருடையதும் அப்படித்தான். அக்ரஹாரம் காலியானதற்கு அந்த ஒரு தேதியைக் காரணம் சொல்கிறோம், ஆனால் வண்டி ஏறுவது அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

ராஜாஜி சொன்னதில் நியாயம் இருந்தது. விதவைகள், கோயில் அர்ச்சகர்கள், நாலு ஏக்கர் வைத்திருந்தவர்கள், இவர்களும் பெரிய ஜன்மியோடு சேர்ந்து அடிபட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 1939-ல் அவருடைய சர்க்காரே போட்ட குடியான்மைக் கமிட்டி பேசிய விஷயத்தை, அதற்குப் பின் முப்பது வருஷம் ஜன்மிகளும் நாமும் சம்மதத்தோடு தீர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரனைக் கேட்டுக் கதவைத் திற என்றால், வீட்டுக்காரன் முப்பது வருஷம் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது? ராஜாஜியிடம் இதற்குப் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கை நீக்கியபோது, 92 வயதில், வேண்டாம் என்று முதலமைச்சர் கருணாநிதியிடம் போய்க் கேட்டுக்கொண்டார். கேட்கவில்லை. அவர் இந்தப் பக்கம் வந்து சித்தூர்த் தென்னைகளில் கலயம் தொங்குவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கேரளத்துக்குக் கள் போவதே இங்கிருந்துதானே. 1972 டிசம்பர் 25-ல் காலமானார். தாத்தா அதற்கு ஒரு வருஷம் முன் போய்விட்டார்.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1947 ஜூன் 2-ல் குருவாயூர்க் கோயில் எல்லோருக்கும் திறந்தது. மதராஸ் சர்க்கார் அந்த வருஷம் செய்த சட்டம் அது, ஊர் ஊராக ஓட்டு எடுக்கும் ஏற்பாடெல்லாம் அதில் இல்லை. சில மாதம் கழித்துப் பாட்டி பிறந்தகத்துக்குப் போகும் சாக்கில் குருவாயூர் போய் வந்தாள். தாத்தா கேட்டாராம், "எப்படி இருந்தது?" பாட்டி, "கூட்டம் ஜாஸ்தி. நன்னா தொழுதேன்" என்றாளாம். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் போனாள். தாத்தா ஒருமுறைகூடக் கூடப் போகவில்லை.

அந்தப் படத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். மேஜைமேல் இருக்கிறது. கண்ணாடியில் இடது மூலையில் ஒரு கீறல், பத்தாயத்துக்குப் பின்னால் இருந்தபோது எலி தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். பின் வரிசையில் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வந்து பார்க்கலாம். கேள்விகள் இருந்தால் இலை போடுவதற்குள் கேளுங்கள்.